சோறு ஆறும்வரை காத்திருந்தவர்

கருவாட்டுக்கார நாகம்மா எங்கள் தெருவுக்கு வந்தால் குரல் முதலில் வரும், கூடை பிறகு வரும். அன்று குரல் வரவில்லை. முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த நான் நிமிர்ந்தபோது, கூடையை இடுப்பில் வைத்தபடி வாசலில் நின்றிருந்தாள்.

"இன்னாக்கா, சத்தமே இல்ல?"

"ஒங்க சைகோன் அம்மா பூட்டாங்கடி. வெள்ளம் வடிஞ்சி இன்னிக்குத்தான் நான் ஆத்தத் தாண்டி வரேன். எல்லாம் முடிஞ்சிபோச்சி. இனிமே இந்த நெத்திலிய நான் யாருக்குத் தூக்கினு போவேன்?"

எனக்கு அவசரத்தில் பேச்சு வராது. உள்ளே படுத்திருந்த அப்பாதான் இருமலுக்கு நடுவே கேட்டார். "யாரு, கோவிந்தசாமி சம்சாரமா? இன்னா ஆச்சி?"

"காய்ச்சலாம் அண்ணே. அடமழையில யாரும் போய்ப் பாக்கல. தானே எழுந்து கஞ்சி வச்சிருக்காங்க. கொல்லப்பக்கத்து வாசப்படியில உக்காந்தபடியே சாஞ்சிட்டாங்க. கஞ்சி அப்பிடியே இருந்துச்சி. ஒரு வாய்கூடத் துன்னல."

அவர் இருந்த அக்கரை வில்லியனூரில் எல்லோரும் அதைச் சொல்லித்தான் உச்சுக்கொட்டினார்களாம். வைத்த கஞ்சியைக் குடிக்கக்கூட அவளுக்குத் தெம்பில்லை என்றார்களாம். தெம்பில்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் அவர், எங்கள் லான் அக்கா, அந்தக் கஞ்சியை ஏன் தொடவில்லை என்று எனக்குத் தெரியும். சைகோனில் பாயின் சோற்றுக்கடை மேசையில் அவருக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிட்டவர்களுக்கும் தெரியும். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். யுத்தத்தால் கப்பல் நின்றுபோயிருக்கிறது, தபாலும் இல்லை. கப்பல் மறுபடி ஓடும்போது யாராவது இதைக் கொண்டுபோய் அந்தக் கடையில் படித்துக் காட்ட வேண்டும்.

என் அம்மா இறந்த வருஷம் அப்பா விடுப்பில் ஊருக்கு வந்தார். என்னை விட்டுப்போக ஆள் இல்லை. பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டுத் தன்னோடு சைகோனுக்கு அழைத்துப்போனார். அங்கே சந்தையில் வரி வசூலிக்கும் இடத்தில் அவருக்குக் காவல் வேலை. மத்தியானம் அறைக்கு வரமுடியாது. சந்தைக்குப் பின்னால் காரைக்கால் பாய் ஒருவர் நடத்திய சோற்றுக்கடையில் எனக்குச் சாப்பாடு சொல்லிவைத்தார். "மூல மேசையில குந்து. யாரையும் நிமிந்து பாக்காத. துன்னமா வந்தமான்னு இரு" என்று சொல்லி அனுப்பினார்.

மூலை மேசையில் உட்கார்ந்தால் மட்டும் போதவில்லை. கடை சின்னது. எந்த மேசையில் இடம் இருக்கிறதோ அங்கே வந்தவர் உட்காரவேண்டியதுதான். வண்டி இழுக்கிறவர், சீனத் தையற்காரர், நம் ஊர்க் காவலாளிகள், சந்தையில் மீன் விற்கும் அன்னாம் தேசத்துப் பெண்கள் எல்லோரும் வருவார்கள். எங்கள் வீட்டில் அப்பா சாப்பிட்டு எழுந்த பிறகுதான் அம்மாவும் நானும் அடுப்படியில் உட்காருவோம். முகம் தெரியாத ஒருவர் எதிரே உட்கார்ந்து மெல்லும்போது நான் எப்படி வாயைத் திறப்பேன்? சோற்றைப் பிசைந்து வைத்துக்கொண்டு, அவர் எழுந்து போகட்டும் என்று காத்திருப்பேன். அவர் எழுந்தால் இன்னொருவர் வந்து உட்காருவார். பிசைந்த சோற்றை அப்படியே விட்டுவிட்டுப் பசியோடு அறைக்குத் திரும்புவேன். அறையிலும் யாரும் இருக்கமாட்டார்கள். சன்னல் வழியாகத் தெருவில் போகிறவர்களைப் பார்த்துக்கொண்டு, சாயங்காலம்வரை ஒரு வார்த்தையும் பேசாமல் இருப்பேன்.

அப்படி ஒரு நாள் எதிரே வந்து உட்கார்ந்தவர்தான் லான் அக்கா. சந்தையில் கீரை விற்பவர். ஓலைத் தொப்பியைக் கழற்றி முதுகில் தொங்கவிட்டிருந்தார். நகக்கண்ணில் சேறு இருந்தது. சோறும் மீன்குழம்பும் வந்ததும், சாப்பிடும் குச்சிகள் இரண்டையும் கிண்ணத்தின்மேல் குறுக்கே வைத்துவிட்டு, என்னைப் பார்த்து அவர்கள் பாஷையில் ஏதோ சொன்னார். சோற்றைக் கையால் காட்டினார்.

தன் கிண்ணத்துச் சோற்றை எனக்குக் கொடுக்கிறார் என்று நினைத்தேன். முன்பின் தெரியாதவர் கிண்ணத்துச் சோறு. தலையை ஆட்டி வேண்டாம் என்றேன். அவர் மறுபடியும் சொன்னார். நான் என் தட்டைக் கையால் மூடிக்கொண்டேன். அவர் குச்சியை எடுக்கவில்லை. என்னைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தார். இருவர் சோறும் ஆறிப்போனது. அடுத்த நாளும் அவர் என் எதிரிலேயே வந்து உட்கார்ந்தார். மறுபடி அதையே சொன்னார். நான் மறுபடி தட்டை மூடினேன்.

பாய் கல்லாவை விட்டு எழுந்து வந்தார். "ஏம்புள்ள, அந்தப் பொம்பளைய ஏன் பட்டினி போடுறே?"

"நான் ஒண்ணும் பண்ணல. அவங்கதான் அவங்க சோத்தக் குடுக்கறாங்க."

பாய் சிரித்த சிரிப்பில் பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "அவ சோத்த உனக்கு எதுக்குக் குடுக்கப்போறா? அவளுக்கே பத்தாது. உன் சோத்த நீ சாப்பிடுன்னு சொல்றா. ஒரு மேசையில உக்காந்தா சின்னவங்க பெரியவங்கள அப்புடிக் கூப்புட்டுட்டுத்தான் வாயில வைக்கணும், அது இவங்க வழக்கம். வீட்டுலதான் சொல்லுவாங்க. இவ ஒருத்திதான் கடையிலயும் சொல்லுவா. நீ தெரியாத புள்ளன்னு அவளே முதல்ல கூப்புட்டுட்டா. நீ பதில் சொல்லாம அவ எப்புடித் திம்பா?"

எனக்கு உடம்பெல்லாம் கூசியது. தலையைக் குனிந்துகொண்டு, "சாப்பிடுங்க" என்றேன். என் காதுக்கே அது கேட்டிருக்காது.

"இன்னாடா? கேக்கல" என்றார் லான் அக்கா.

தமிழ்! அதுவும் எங்கள் ஊர்த் தமிழ். நான் வாயைப் பிளந்தேன். "இவ புருஷன் உங்க வில்லியனூர்க்காரன்தான் புள்ள, கோவிந்தசாமின்னு தொறமுகத்துல இருக்கான்" என்றார் பாய்.

"தமிழ்ல சொல்லியிருந்தா எனக்குப் புரிஞ்சிருக்குமே" என்றேன்.

"நீ ஊமைப் புள்ளன்னு நெனச்சேன்டா. ஊமைக்கு எந்தப் பாஷையில சொன்னா இன்னா?"

அன்றுதான் அந்தக் கடையில் என் தட்டு காலியானது.

லான் அக்கா தமிழ் கற்றது கணவரிடமும் கடையில் பரிமாறும் ஆட்களிடமும்தான். அதனால் அவருக்கு எல்லோரும் 'டா'தான். நான் 'டா', பாய் 'டா', ஒருநாள் வரி வாங்க வந்த துரையும் 'டா'. துரைக்குப் புரியாததால் பிழைத்தார். அவரை அக்கா என்று கூப்பிடத் தொடங்கியது நான்தான். பிறகு கடையில் எல்லோரும் அப்படியே கூப்பிட்டார்கள்.

பாகூர்ப் பக்கத்திலிருந்து புதிதாகக் கப்பலில் வந்த காவலாளி ஒருவர் எங்கள் மேசையில் வந்து உட்கார்ந்தது நினைவிருக்கிறது. பெரிய மீசை. லான் அக்கா வழக்கம்போலக் குச்சியைக் குறுக்கே வைத்துவிட்டு, "சாப்புடலாமாடா?" என்று கேட்டார். அவர் முகம் சிவந்துபோனது. தட்டைத் தூக்கிக்கொண்டு தாழ்வாரத்துக்குப் போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிட்டார். "பாரு பாய், பொம்பள என்னைப் போயி டா போடுறா" என்று கத்தினார். "சாப்பிடக் கூப்புட்டா அண்ணே, சண்டைக்கா கூப்புட்டா?" என்றார் பாய்.

அடுத்த நாளும் அவர் தாழ்வாரத்தில்தான் சாப்பிட்டார். லான் அக்கா இங்கிருந்தபடியே அவர் பக்கம் திரும்பிக் கேட்பார். அவர் பதில் சொல்லமாட்டார். "பதில் சொல்லாத ஆளுக்கு எதுக்குக்கா கேக்கறீங்க? யாருன்னே தெரியாது" என்றேன். "ஆளு தெரியாத ஆளுதான். பசி தெரிஞ்ச பசிதானடா" என்றார். பிறகு லான் அக்காவுக்கு உடம்பு சரியில்லாமல் கடைக்கு வராத ஒரு நாளில், அந்த மீசைக்காரர் தட்டோடு என் மேசைப் பக்கம் வந்து நின்றார். என்னைப் பார்க்காமல், காலி இடத்தைப் பார்த்துக் கேட்டார். "அந்தம்மா இன்னிக்கு வரலியா?" வரவில்லை என்றேன். "ஊர விட்டு வந்ததிலேருந்து என்னைத் துன்னச் சொன்ன ஆளு அது ஒண்ணுதான்" என்று சொல்லிவிட்டுத் திரும்பத் தாழ்வாரத்துக்கே போனார். மறுநாளிலிருந்து எங்கள் மேசையில் உட்கார்ந்தார். மீசைக்கார அண்ணா, நீங்கள் இதைக் கேட்டுக்கொண்டிருந்தால், உங்களை அவர் இங்கே வந்த பிறகும் விசாரித்துக்கொண்டிருந்தார் என்று சொல்லிக்கொள்கிறேன்.

அப்பாவுக்கு மூச்சிழுப்பு அதிகமாகி நாங்கள் ஊர் திரும்பினோம். கப்பல் ஏறுமுன் லான் அக்காவிடம் சொல்லிக்கொள்ளப் போனேன். அவர் அழவில்லை. "அங்க யாரு கூட துன்னுவ?" என்று கேட்டார். யாரும் இல்லை என்று சொல்லாமல், அப்பா கூட என்று சொன்னேன்.

யுத்தம் தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால் கோவிந்தசாமி அண்ணனும் வேலையை விட்டு அவரை அழைத்துக்கொண்டு வில்லியனூருக்கு வந்தார். வந்த அன்றே லான் அக்கா நாத்தனார் பட்டம்மாளைப் பார்த்து, "நல்லாருக்கியாடா?" என்று கேட்டுவிட்டாராம். "என்னையாடா டா போடுறா ஒம்பொண்டாட்டி?" என்று பட்டம்மாள் குதிக்க, "கோச்சிக்காதக்கா, நான் பேசின தமிழுதான் அவளுக்குத் தெரியும்" என்றாராம் கோவிந்தசாமி அண்ணன். "அப்ப நீ கட்டின பொண்டாட்டிய டா போட்டா கூப்புட்ட?" என்று பட்டம்மாள் அதற்கும் சண்டை பிடித்தாளாம். இதை லான் அக்காவே எனக்கு நடித்துக் காட்டினார்.

அந்தச் சிரிப்பு கொஞ்ச நாள்தான். ஆறு மாதத்துக்குள் கோவிந்தசாமி அண்ணன் நெஞ்சுவலியில் போய்விட்டார். அவருடைய கருமாதிப் பந்தியில் லான் அக்காவுக்குத் தொழுவத்தை ஒட்டித் தனியாக ஓர் இலை போட்டார்கள். அவர் இலைமுன் உட்கார்ந்தார். சோறு விழுந்ததும், தூரத்தில் இருந்த பந்தியைப் பார்த்துக் கைகூப்பி, "எல்லாரும் சாப்புடுங்கடா" என்றார். பந்தியில் சிலர் சிரித்தார்கள். சிலர் இலையைப் பார்த்துக் குனிந்துகொண்டார்கள். யாரும் பதில் சொல்லவில்லை. அவர் இலையில் கை வைக்கவில்லை. துக்கத்தில் சோறு இறங்கவில்லை என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள். நான் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். செம்போடு அவர் பக்கத்தில் போய்க் குனிந்து, அவருக்கு மட்டும் கேட்கும்படி, "சாப்பிடுங்கக்கா" என்றேன். என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு இலையில் கை வைத்தார்.

அதன்பிறகு சந்தை நாள்களில் அப்பாவுக்குக் கஷாயச் சாமான் வாங்க ஆற்றைத் தாண்டிப் போகும்போதெல்லாம் அவரோடு சாப்பிட்டுவிட்டு வருவேன். வீட்டின் பின்கட்டில் ஓர் அறையை அவருக்கு ஒதுக்கியிருந்தார்கள். நெத்திலியை உப்பில் ஊறவைத்து ஒரு பானையில் மூடிவைத்திருப்பார். அந்த வாடைக்காகப் பட்டம்மாள் மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் கொல்லைக்கு வருவாள். கீழே பாய் விரித்து எதிரெதிரே உட்காருவோம். "சாப்பிடலாமாக்கா?" என்று நான்தான் முதலில் கேட்பேன். நான் சின்னவள் அல்லவா.

"மத்த நாளு இன்னா பண்ணுவீங்க?" என்று ஒருநாள் கேட்டேன்.

"காக்கா இருக்குதுடா" என்றார்.

பட்டம்மாள் தினமும் உலை இறக்கியதும் ஒரு பிடி சோற்றைக் கொல்லை மதில்மேல் வைத்துக் காகத்தைக் கூப்பிடுவாள். காகம் வந்து கொத்தினால்தான் வீட்டில் மற்றவர்களுக்குச் சோறு. லான் அக்கா அதைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். "நீங்களும் எங்களாட்டம்தான்டா. துன்றதுக்கு முன்ன கூப்புடறீங்க, அது வரவரைக்கும் காத்துனு இருக்கீங்க. ஆனா காக்காவ மட்டும் கூப்புடறீங்க. எதிர்ல இருக்கற ஆளக் கூப்புட மாட்டீங்க" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. ஒரு சந்தேகத்தைக் கேட்பதுபோலத்தான் சொன்னார். பிறகு அவரும் கொல்லைப் படியில் தட்டை வைத்துக்கொண்டு, ஒரு பிடி சோற்றை மதிலில் வைத்துத் தன் பாஷையில் காகத்தைக் கூப்பிடத் தொடங்கினார். அது வந்து கொத்திய பிறகுதான் சாப்பிடுவார். "பரவால்ல, சைகோன்காரிக்கு நம்ம பழக்கம் வந்துடுச்சி" என்று பட்டம்மாள் எல்லோரிடமும் பெருமையாகச் சொன்னாள். அது நம் பழக்கம் இல்லை, எதிரே ஆள் இல்லாததால்தான் காகத்தைக் கூப்பிடுகிறார் என்று நான் சொல்லவில்லை.

ஊருக்குத் திரும்பிப் போகவேண்டும் என்று அவருக்கு ஆசை இருந்தது. சில நாள் சாயங்காலம் வில்லியனூர் ரயிலடிக்குப் போய் நிற்பார். புதுச்சேரியிலிருந்து வரும் வண்டியில் இறங்குகிறவர்களிடம், "கப்பல் வந்துச்சாடா?" என்று கேட்பார். ரயிலடியில் கப்பலை விசாரிக்கிறாள் என்று ஊரில் அதை ஒரு வேடிக்கையாகவே ஆக்கிவிட்டார்கள். எனக்கு அது வேடிக்கையாக இல்லை. கப்பல் வந்த செய்தியும் அந்த வண்டியில்தானே வரவேண்டும்?

இந்த மழைக்கு ஆற்றில் வெள்ளம் வந்து எங்கள் பக்கத்துக்கும் வில்லியனூருக்கும் போக்குவரத்து நின்றது. அந்த நாள்களில்தான் அவர் காய்ச்சலில் படுத்திருக்கிறார். கஞ்சி வைத்துக்கொண்டு கொல்லைப் படிக்கு வந்திருக்கிறார். அடைமழையில் காகம் எங்கே வரும்? வரும்வரை அவர் உட்கார்ந்திருப்பார். நாகம்மா சொன்னதைக் கேட்டபோது நான் கண்ட காட்சி இதுதான். அவரோடு சாப்பிட்டவர்கள் எல்லோரும் இதைத்தான் காண்பீர்கள்.

கருமாதிக்கு அப்பாவும் நானும் போனோம். கோவிந்தசாமி அண்ணனின் அண்ணன் மகன்தான் எல்லாம் செய்தான். குறை சொல்ல ஒன்றும் இல்லை. சோறு, குழம்பு, வடை, பாயசம் என்று படைத்து, மதில்மேல் இலை வைத்து, "சித்தி, வாங்க" என்று கூப்பிட்டான். தென்னையில் காகங்கள் உட்கார்ந்திருந்தன. ஒன்றும் இறங்கவில்லை. நேரம் போனது. "வருஷா வருஷம் மறக்காம படைக்கிறேன் சித்தி" என்றான். இறங்கவில்லை. பட்டம்மாள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "ஒன் நெத்திலிப் பானைய நான் இனிமே ஒண்ணும் சொல்ல மாட்டேன்டி, வாடி" என்றாள். பந்தியில் ஒரு கிழவர், "அதுக்குத் தமிழ்க் காக்கா ஆவாதுபா, சைகோன்லேருந்து வரணும்" என்றார். சிலர் சிரித்தார்கள். பிறகு சிரிப்பும் நின்றுவிட்டது. இலையில் பரிமாறிய சோறு எல்லோர் முன்னும் ஆறிக்கொண்டிருந்தது. காகம் எடுக்காமல் யாரும் கை வைக்கக்கூடாது.

அப்போதுதான் எனக்குத் தோன்றியது. அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து இன்றுதான் எல்லோரும் லான் அக்காவுக்காகச் சோற்றைத் தொடாமல் காத்திருக்கிறார்கள். இதைப் பார்க்க அவர் இல்லை.

நான் எழுந்தேன். என் இலையை எடுத்துக்கொண்டு போய் மதிலுக்கு எதிரே, கொல்லைப் படியில் உட்கார்ந்தேன். "எங்கடி போற?" என்ற அப்பாவின் குரல் முதுகுக்குப் பின்னால் கேட்டது. அத்தனை பேரும் என்னைப் பார்ப்பது தெரிந்தது. இலையைக் கீழே வைத்தபோது அது சாய்ந்து, வடை தரையில் விழுந்தது. பாய் கடையில் லான் அக்கா என்னிடம் முதல் நாள் சொன்ன வார்த்தையை அவர் பாஷையிலேயே சொன்னேன். அது எனக்கே கேட்கவில்லை. "இன்னாடா? கேக்கல" என்று யாரோ கேட்டதுபோல் இருந்தது. மறுபடியும் சத்தமாகச் சொன்னேன். "சாப்பிடலாமாக்கா?" என்று தமிழிலும் சொன்னேன். சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டேன். என் முன்னால் இருந்த சோற்றைத் தவிர வேறு எதையும் நான் பார்க்கவில்லை.

காகம் உடனே இறங்கியது என்று நாகம்மா ஆற்றுக்கு இரண்டு பக்கமும் சொல்லிக்கொண்டு திரிகிறாள். "காக்காய்க்கும் பசிக்கும்ல" என்று மட்டும் அப்பா திரும்பும் வழியில் சொன்னார். எனக்குத் தெரியாது. பின்னால் பந்தியில் எல்லோரும் சாப்பிடத் தொடங்கிய சத்தம் கேட்டது. பிறகு நானும் சாப்பிட்டேன்.

லான் அக்காவின் ஓலைத் தொப்பியைப் பட்டம்மாள் எனக்குக் கொடுத்தாள். அது சுவரில் மாட்டியிருக்கிறது. ஆனால் அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அது அல்ல. அப்பாவுக்குச் சோறு போட்டுவிட்டு, முன்பெல்லாம் அடுப்படிக்குப் போய்விடுவேன். இப்போது அவர் எதிரே என் தட்டையும் வைத்துக்கொண்டு உட்காருகிறேன். "சாப்பிடலாமாப்பா?" என்று கேட்கிறேன். முதல் நாள், "இன்னாடி இது புதுசா?" என்றார். இரண்டாம் நாள் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டு எழுந்துபோனார். என் சோறு ஆறிப்போனது. நான் விடவில்லை.

நேற்று, கையைச் சோற்றில் வைத்தவர் நிறுத்தினார். என்னைப் பார்க்கவில்லை. "ம்" என்றார்.

அந்த ஒரு 'ம்' போதும் என்று நான் சாப்பிட்டேன்.